பதினோரு மிஷின்களுக்கும் லீவு

ஆயுத பூஜை என்றாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் முதலில் வருகிறது. பொரி, கடலை, சுண்டல் எல்லாம் பிடிக்கும். சாமி மேலும் கோபமில்லை. மனிதர்கள் மேல்தான். அதிலும் குறிப்பாக இரண்டு பேர் மேல். ஒருவர் நான் கட்டிக்கொண்டவர், இன்னொருவன் என் கூடப் பிறந்தவன். மூன்றாவதாக என் மேலும் கொஞ்சம் உண்டு. அதை யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அனிமேஷன் படத்துக்கு வெளிச்சம் போடுவது. பொம்மையை ஒருத்தர் செய்வார், இன்னொருத்தர் அதை நடக்க வைப்பார். எல்லாம் முடிந்தும் அந்த இடம் இருட்டாகவே கிடக்கும். அதற்கு விளக்கு வைப்பவள் நான். ஜன்னல் வழியாக வெயில் எந்தச் சாய்வில் வர வேண்டும், சுவரில் பட்டுத் தரைக்கு எவ்வளவு இறங்க வேண்டும், பித்தளைப் பாத்திரத்தில் எந்த ஓரத்தில் மின்ன வேண்டும், இதெல்லாம் என் பாடு. தி. நகரில் ஒரு ஸ்டுடியோவில் இருபத்து மூன்று வருஷம் இதையே செய்தேன். ஒரு நாள் எல்லாரையும் கூட்டி, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். நாற்பத்தேழு வயதில் மேற்கு மாம்பலம் வீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

பதினான்கு மாசம் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம், "நல்லதாப் போச்சு, இனிமேலாவது ரெஸ்ட் எடு" என்றார்கள். நானா கேட்டேன் ரெஸ்ட்? என் கணவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். நல்ல மனிதர். நல்லவர் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது. யாராவது போனில் விசாரித்தால், "அவ வீட்ல சும்மாத்தான் இருக்கா" என்பார். சும்மாவாம்! காலை எட்டு மணிக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்து, மாதிரி செய்து, ஊர் ஊராக அனுப்பி, பதில் வராமல், கழுத்துப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் எழுந்திருப்பவள் சும்மா இருக்கிறாளாம். காஸ் சிலிண்டர் வரும், தண்ணி கேன் வரும், ஏசி ரிப்பேர் ஆள் வருவான். எல்லாவற்றுக்கும் கதவு திறக்க நான் ஒருத்தி இருக்கிறேனே, சும்மா.

போன வருஷம், அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று என்னைப் பரீட்சை எழுதச் சொன்னது. நாற்பது விநாடிப் படம். ஒரு சமையலறை, ஆள் யாரும் இல்லை. விடியற்காலையில் ஆரம்பித்து நடுப்பகல் வரை அந்த அறையில் வெயில் நகர வேண்டும். பத்து நாள் கெடு. பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை, என் பழைய பதவிக்குச் சமமான பதவி. என் வயசை இதில் யாரும் கேட்கவில்லை. அதுவே பெரிய ஆச்சரியம். இது கிடைக்காவிட்டால் நான் இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். இனிமேல் ஒருத்தன் என்னை நம்பிப் பரீட்சை கொடுக்கப் போவதில்லை. ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "பண்ணிப் பாரேன், பொழுது போகும்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெளிச்சம் போட ஆறு நாள் ஆயிற்று. அதில் எனக்குக் குறையில்லை. நான் போட்ட வெயில் எனக்கே பிடித்திருந்தது. கஷ்டம் அதற்குப் பிறகு. போட்ட வெளிச்சத்தை மிஷின் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டு வரைந்து தள்ள வேண்டும். ரெண்டர் என்போம். நாற்பது விநாடிக்குத் தொள்ளாயிரத்து அறுபது படம். என் மிஷின் ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். பெருக்கிப் பார்த்தால் பதின்மூன்று நாள். கையில் இருந்தது நாலு. ஸ்டுடியோவில் இருந்தபோது கீழ்த்தளத்தில் நூறு மிஷின் இருக்கும், அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவோம். வீட்டில் ஒரு மிஷின், ஒரு ஃபேன்.

இந்த இடத்தில்தான் என் தம்பி வந்து சேர்ந்தான். பெசன்ட் நகரில் இருக்கிறான். ஐந்து வருஷமாகக் கிரிப்டோ காயின் என்றே பேசிக்கொண்டிருப்பவன், கல்யாண வீட்டில்கூட.

"அக்கா, ஊர் பூரா நல்ல மிஷின் வேலையில்லாம கெடக்கு. அதை வாடகைக்கு எடுத்துக்கோ. நானே என்னோட ரெண்டு மிஷினை வாடகைக்கு விட்டிருக்கேன் தெரியுமா? உன் படத்தை அறுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பும், அவனவன் ரெண்டர் பண்ணித் திருப்பி அனுப்புவான். காயின்ல குடுக்கணும், அவ்ளோதான். நடுவுல கம்பெனி கெடையாது, மேனேஜர் கெடையாது."

"எவனாவது ஏமாத்தினா யாரைடா போய்க் கேக்கறது?"

"யாரையும் கேக்க வேணாம்க்கா. அதான் விஷயமே. இதுல யாரையும் நம்பவே தேவையில்லை. எல்லாம் கணக்கு பார்த்துக்கும்."

கார்டு தேய்த்துப் பணம் கட்டுகிற சாதாரணக் கம்பெனிகளும் இருக்கின்றன. முதலில் அதைத்தான் முயற்சி செய்தேன், நான் ஒன்றும் பைத்தியமில்லை. மூன்று தடவை பாங்க் மறுத்துவிட்டு, என் பாதுகாப்புக்காக என்று சொல்லிக் கார்டையே முடக்கிவிட்டது. நேரில் வாருங்கள் என்றார்கள். போனால் ஃபாரம் கொடுத்து, மூன்று வேலை நாள் என்றார்கள். நடுவில் பூஜை லீவு வேறு. சரி, தம்பி சொன்ன காயினையே வாங்குவோம் என்று இறங்கினேன்.

வாங்கவிட்டால்தானே! பான் கார்டில் என் பெயரோடு அப்பா பெயர் முழுசாக நீண்டு கிடக்கிறது. ஆதாரில் அப்பாவின் ஒற்றை எழுத்து இனிஷியல். பாங்கில் கல்யாணத்துக்கப்புறம் மாற்றிய இனிஷியல். காயின் விற்கும் ஆப் என்னைப் பார்த்து, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன், பொருந்தவில்லை என்றது. இனிஷியலைப் போட்டேன், ஒரு எழுத்து போதாது என்றது. மூன்று காகிதத்திலும் மூன்று பேராக இருக்கிற பெண்பிள்ளைகள் இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருப்பார்கள், எவனாவது யோசித்தானா? அப்புறம் காமிராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்றது. வலது பக்கம் திரும்பு என்றது. சிரி என்றது. அந்தச் சிரிப்பை இன்னும் யாராவது வைத்திருப்பார்கள், பார்த்தால் பயந்துபோவார்கள். ஒருவழியாக வாங்கி முடித்தால், புதிதாக வாங்கிய காயினை ஒரு நாள் முழுக்க வெளியே எடுக்க முடியாதாம். அதுவும் என் பாதுகாப்புக்காகத்தான். என்னை இத்தனை பேர் பாதுகாக்காமல் இருந்திருந்தால் நான் ஒன்றரை நாள் முன்னாலேயே வேலையை ஆரம்பித்திருப்பேன்.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் காயின் கைக்கு வந்தது. அடுத்து, யாருடைய மிஷினை எடுப்பது என்று ஒரு பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஊர், எவ்வளவு வேகம், போன ஆறு மாசத்தில் எத்தனை தடவை பாதியில் அணைந்துபோயிற்று என்று மார்க் போட்டிருக்கும். எங்கெங்கோ குளிர்தேசத்தில் இருக்கிற மிஷின்களெல்லாம் மலிவாகக் கிடைத்தன. தம்பி விடவில்லை.

"எதுக்குக்கா தெரியாத ஊரு? நம்மூர்ல மிஷின் விடறவங்களுக்குன்னு ஒரு குரூப் இருக்கு. எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க. ஃபைல் அனுப்பறதும் சீக்கிரம் நடக்கும். ஏதாவதுன்னா தமிழ்ல சண்டை போடலாம்."

யாரையும் நம்பத் தேவையில்லை என்று சொன்ன அதே வாய். இருந்தாலும் எனக்கும் அது பிடித்திருந்தது. அடையாறில் ஒரு கேம்ஸ் சென்டர், அங்கே ஆறு மிஷின். அசோக் நகரில் கல்யாண ஆல்பம் போடும் கடை, அங்கே மூன்று. தம்பி வீட்டில் இரண்டு. ஆக மொத்தம் பதினொன்று. ஆறு மாசமாக ஒரு நிமிஷம்கூட அணைந்ததில்லை, நூற்றுக்கு நூறு மார்க். இந்தப் பதினொன்றைத் தவிர வேறு எதற்கும் அனுப்பாதே என்று டிக் அடித்துக் காயினைக் கட்டினேன். கடைசி அறுபது படத்தை மட்டும் என் மிஷினிலேயே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாம் ஓட ஆரம்பித்தது. மறுநாள் ராத்திரி பத்துக்கு முடிந்துவிடும். கெடு அதற்கும் மறுநாள், விஜயதசமி பகல் பன்னிரண்டு மணி. போதுமான நேரம் இருந்தது. நிம்மதியாக எழுந்து போய், கணவர் வாங்கி வந்திருந்த பொரியை டப்பாவில் கொட்டி வைத்தேன்.

என் கையாலேயே கொட்டினேன். பொரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரை வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு அசோக் நகர் மிஷின் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். பத்து மணிக்குத் தம்பியின் இரண்டும் போயின. பத்தேகாலுக்கு அடையாறு ஆறும் ஒரே நிமிஷத்தில் போயின. பச்சையாக இருந்த பதினோரு புள்ளியும் சாம்பல் நிறமாகிவிட்டன. எவனோ உள்ளே புகுந்துவிட்டான், என் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றே நினைத்தேன். தம்பிக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்தான்.

"சொல்லுக்கா. கற்பூரம் காட்டிக்கிட்டு இருந்தேன்."

"மிஷின் ஏன்டா அணைஞ்சிருக்கு?"

"பூஜைக்கா இன்னிக்கு. பத்தரைக்குள்ள நல்ல நேரம். தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, பூ போட்டாச்சு. இனிமே நாளைக்குக் காலையில பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

கீழ் வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பேசினேன். "அடப்பாவி, கணக்கை நம்பு கணக்கை நம்புன்னு அஞ்சு வருஷமா என் உயிரை வாங்கினியே, உன் கணக்குல ஆயுத பூஜை எங்கேடா போச்சு?" என்று கேட்டேன். அவன் அமைதியாக, "நீ சொல்லவே இல்லையேக்கா, உன் வேலை இன்னிக்கும் ஓடும்னு" என்றான். என் படம் ஓடுவது அவன் மிஷினுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதாம்! இப்பவாவது போட்டுத் தொலை என்றால், பூ வைத்தாயிற்று, அவன் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றான். மார்க்கு குறையாதா என்று கேட்டேன். குறைந்தால் குறையட்டும், எல்லாருக்கும்தானே குறையும் என்றான்.

மார்க் ஆறு மாசத்துக்கு மட்டும்தான் போடுகிறார்கள். ஆயுத பூஜை வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. உலகத்தில் எங்கெங்கேயோ இருக்கிற மிஷின்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரே நாளில் ஒட்டுமொத்தமாகக் குங்குமம் வைத்துப் படுக்கப் போடுகிற ஊராகப் பார்த்துப் பொறுக்கி எடுத்த மேதை நான்தான். இந்தத் தப்பைச் செய்ய வேறு எந்த ஊரிலும் ஆள் கிடைக்காது.

பாதிக்குக் கொஞ்சம் மேல் முடிந்திருந்தது. கொடுத்த வேலையை ரத்து செய்து வேறு ஊர் மிஷினுக்கு மாற்றலாம் என்றால், கட்டிய காயின் திரும்பி வர இரண்டு நாள். புதிதாக வாங்கினால் ஒரு நாள் பூட்டி வைப்பார்கள். என் மிஷின் மட்டும் ஓடினால் கெடுவுக்குள் எழுபது எண்பது படம் வரும், அவ்வளவுதான். மிச்சம் நானூற்றுச் சொச்சம். பதினான்கு மாசம் காத்திருந்து கிடைத்த ஒன்று, பூ வைத்துவிட்டார்கள் என்பதற்காகப் போகப் போகிறது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. தம்பியிடம் அடையாறு கேம்ஸ் சென்டரின் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினேன். கணவர் பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அடையாறு போறேன்" என்றேன். "இன்னிக்கா?" என்றார். படியிறங்கிவிட்டேன்.

ஆட்டோ கிடைக்கவே இருபது நிமிஷம். எல்லா ஆட்டோவும் கழுவி, வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் அப்பி, தெரு ஓரமாக நிற்கிறது. கூப்பிட்டால் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் முதல் சவாரி என்கிறார்கள். கிடைத்த ஆட்டோக்காரருக்கு வாழை இலை முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது, சந்தோஷமாக ஓட்டினார். வழி நெடுக ரோட்டில் உடைத்த பூசணிக்காய். ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார். ஊரே திருப்தியாக இருந்தது, என்னைத் தவிர.

கேம்ஸ் சென்டர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். ஊதுவத்திப் புகை. ஆறு மானிட்டரிலும் நெற்றி மாதிரி நடுவில் ஒரு பொட்டு. கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, மேலே துண்டுப் பூ, பக்கத்தில் தாம்பாளம் நிறையப் பொரி. முப்பத்தைந்து வயசு இருக்கும் ஒருவர் தரையில் உட்கார்ந்து சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவர்தான்.

"சென்டர் லீவுக்கா" என்றார்.

"நேத்து சாயங்காலம் ஏழு மணிலேர்ந்து உங்க ஆறு மிஷினும் என் படத்தைத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தது. பாதியில ஏன் நிறுத்தினீங்க?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மிஷினை வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஆளாக நேரில் வந்து நிற்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை போலிருக்கிறது. "அய்ய, அது நீயாக்கா? நா எவனோ வெள்ளக்காரன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உக்காரு உக்காரு. பொரி துன்னு" என்றார்.

நான் உட்காரவில்லை. கரடியாகக் கத்தினேன். கட்டிய காயினுக்கு என்ன பதில், வேலை எடுத்தால் முடிக்க வேண்டாமா, இது என்ன பொறுப்பு என்று எல்லாம் கேட்டேன். அவர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னாக்கா நீ. நா ஆத்தாங்கரையில பொறந்தவன், இங்கதான். குடிசய எட்த்துட்டு எங்கியோ ஊருக்கு வெளிய தள்ளிட்டான். தெனம் ரெண்டு பஸ்சு மாறி வந்து இந்தக் கடய தொறக்குறேன். நானும் ஓடிக்கினே கீறேன், அதுங்களும் ஓடிக்கினே கீது. வருசத்துல ஒரு நாளு உக்காரட்டும்னு பூ வச்சா, அதுக்கும் சண்டைக்கு வர்றியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில், முன்பின் தெரியாத மனிதர் முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது, பதினான்கு மாசம், பரீட்சை, நாளைப் பகல் பன்னிரண்டு மணி. "இது போச்சுன்னா நான் வீட்ல சும்மா இருக்கிறவதான், அவ்வளவுதான்" என்றேன். அவர் சுண்டலைக் கீழே வைத்தார்.

"எத்தினி மணி நேரம் ஓடணும்?"

"இருபது."

தலையைச் சொறிந்துகொண்டு சாமி படத்தைப் பார்த்தார். "நா தொட மாட்டேன்கா. பூச போட்ட கையி. ஆனா உன்னுது உன் வேல. உன் ஆயுதத்த நீ வந்து எட்த்துக்கினா நா இன்னா சொல்றது? நீயே தொடு. அதுக்கு மின்னாடி சாமியாண்ட ஒரு வார்த்த சொல்லிக்கோ."

கோபமாகவே போய்க் கும்பிட்டேன். மன்னிச்சுக்கோ, வேற வழியில்லை என்றேன். அதுவும் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது.

இப்போது இன்னொரு சிக்கல். இரண்டு நாளைக்குள் காயின் திரும்பாது என்றாலும் அந்த வேலையை ரத்து செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த மிஷின்களுக்கு என் ஃபைலை மறுபடி நேரடியாகக் கொடுக்க வேண்டும். ஃபைல் வீட்டில் இருக்கிறது. ஷட்டருக்கு வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன்.

"என்னங்க, என் ரூம்ல மிஷின் ஓடிக்கிட்டு இருக்கில்ல..."

"ஓடலையே. ஸ்கிரீன் இருட்டாத்தானே இருந்தது? சுவிட்சை அணைச்சிட்டுப் பூஜை போட்டுட்டேன்."

ஸ்கிரீனைத்தான் அணைத்து வைத்திருந்தேன், உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்கு வைப்பார், மிக்ஸிக்கு வைப்பார், அரிவாள்மணைக்கு வைப்பார். என் மிஷினுக்கு ஒரு தடவை பொட்டு வைத்ததில்லை. அந்த வருஷம் பார்த்தா வைக்க வேண்டும்!

"யாருங்க உங்களை அதுக்குப் பூஜை போடச் சொன்னது?" என்று ரோட்டிலிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கக் கேட்டேன்.

"இல்ல... உனக்கு அந்த வேலை கெடைக்கணும்னுதான். நீ ஆறு நாளா சரியாச் சாப்பிடலை. அதான் சந்தனம் நெறைய வச்சேன்" என்றார்.

ஐயோ கடவுளே. இதற்கு எப்படித் திட்டுவது? திட்டவும் முடியாமல் அழவும் முடியாமல் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன், "மிஷினோட பக்கத்துல கறுப்பா, கையளவுல ஒரு டிஸ்க் ஒயரோட தொங்கும். அதை மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டு உடனே அடையாறு வாங்க." சரி என்றார். எதையும் ஒழுங்காகக் காதில் வாங்கியிருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து வாழை இலை ஆடிக்கொண்டு ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே வேஷ்டியில் என் கணவர். மடியில் என் மிஷின், முழுசாக. மேலே சாமந்தி மாலை, முன்பக்கம் பூரா சந்தனம், நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். டிஸ்க் எது என்று தெரியவில்லையாம், தப்பாகக் கழட்டிவிட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பூசணிக்காய் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்ததாக ஆட்டோக்காரர் சொன்னார். சட்டையெல்லாம் குங்குமம்.

கடைக்காரர் மட்டும், "சார் பக்கா வேல பண்ணிக்கீறாரு" என்று சிரித்தார்.

பூவை எடுத்தேன். கீபோர்டுகளைப் படத்துக்கு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆறு மிஷினின் பவர் பட்டனிலும் பொட்டு வைத்திருந்தார்கள். என் விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினேன், ஏழாவது என்னுடையது. விரல் நுனி சிவந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஏழும் ஓட ஆரம்பித்தன. மணிக்கு இருபத்தொரு படம். மறுநாள் பத்தரைக்கு முடிய வேண்டும்.

நாலு மணிக்குக் கடைக்காரர் கிளம்பினார். வீட்டில் பிள்ளைகள் பூஜைக்குக் காத்திருக்கிறார்கள், இரண்டு பஸ் மாற வேண்டும். சாவிக்கொத்தை என் கணவர் கையில் கொடுத்து, "போம்போது பூட்டிக்கினு, சாவிய எதுத்தாப்ல பூக்காரம்மாவாண்ட குட்த்துடு சார்" என்றார். எங்கள் பெயர்கூட அவர் கேட்கவில்லை. காயின் தருகிறேன் என்று சொன்னதற்கு, "அத்த வச்சிக்கினு நா இன்னா பண்றது, இன்னிக்கி ஒழைச்சதுக்குக் காசு வாங்கக் கூடாது, நாளைக்கி பாத்துக்கலாம்" என்றார். யாரையும் நம்பத் தேவையில்லாத ஏற்பாட்டில் சேர்ந்த நான், முன்பின் தெரியாத ஒருவரின் கடைச் சாவியோடு உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி பூரா நாங்கள் இரண்டு பேரும் கடையிலேயே இருந்தோம். விஜயதசமி காலை பத்தே முக்காலுக்குக் கடைசிப் படம் வந்தது. கோத்து, ஓட்டிப் பார்த்தேன். இருட்டுச் சமையலறை. ஜன்னல் ஓரம் நீலமாகி, பாத்திரத்தில் ஒரு புள்ளி மின்னி, வெயில் சுவரில் இறங்கி, தரையைத் தாண்டி, எதிர்ச்சுவர் ஏறி, நடுப்பகலாகிறது. நாற்பது விநாடி. கணவர் பின்னால் நின்று பார்த்தார்.

"நல்லா இருக்கே. இதுல நீ பண்ணினது எது?"

கேட்டாரா இல்லையா! இருபத்து மூன்று வருஷ வேலை, இருபத்து நாலு வருஷக் குடித்தனம். "வெளிச்சம்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்த வெயிலா? அது தானா வர்றதில்லையா?"

"இல்லை. நான்தான் கொண்டு வந்தேன்."

இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். நாலாவது தடவை, "அனுப்பணுங்க, மணி பதினொண்ணரை" என்று கத்த வேண்டியிருந்தது. பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினேன்.

வேலை கிடைத்தது. ஒரு வருஷ ஒப்பந்தம்தான் முதலில், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கட்டிய காயின் இரண்டு நாளில் திரும்பி வர வேண்டியது ஒன்பது நாளில் வந்தது, வரும்போது இளைத்துப்போய் வந்தது. வைத்திரு அக்கா, ஏறும் என்கிறான் தம்பி. அவனோடு அந்தப் பேச்சையே இப்போது எடுப்பதில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று நான் காலையிலேயே வேலையில் இருந்தேன். என் கம்பெனிக்கு அன்று லீவு கிடையாது. பத்து மணிக்குக் கதவு லேசாகத் திறந்தது. கணவர் குளித்துவிட்டு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. ரெண்டர் போட்டுவிட்டு ஸ்கிரீனை அணைத்து வைத்திருந்தேன், அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் மெதுவாக, ஆபீஸில் யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்.

"ஓடிக்கிட்டு இருக்கா?"

"ஓடுது" என்றேன்.

சுவிட்சுப் பக்கமே போகாமல் வந்து, ஓடுகிற மிஷினுக்கே சந்தனத்தை வைத்துவிட்டுப் போனார். வைத்தது காற்றுப் போகும் துவாரத்தில். தீக்குச்சியை வைத்து இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.